ஐடிலிங்கில் நடுங்கும் லாரி: எந்த சிலிண்டர் என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்

கடலூர் முதுநகரில் இரண்டு லாரி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. முதல் வண்டி 2012 மாடல், ஆறு சிலிண்டர், பழைய வகை டீசல் பம்ப் போட்டது. காலையில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் விட்டவுடன் கேபின், கதவு, கண்ணாடி எல்லாம் அதிரும் அளவுக்கு இன்ஜின் நடுங்குகிறது. வெள்ளைப் புகையும் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. லோடு இழுப்பதிலும் குறையில்லை. ஒரு மெக்கானிக், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் ஆறு நாசிலையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் இன்ஜினையே இறக்கிப் பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்கிறார். இரண்டாவது வண்டி பிஎஸ் 6 மாசு விதிப்படி வந்தது. அதிலும் இப்போது இலேசாக அதே நடுக்கம் தொடங்கியிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் அவருடைய கவலை.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் கனரக வாகன முனையத்தைச் சுற்றியே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக பம்ப், நாசில் வேலை பார்த்து வருகிறேன். உங்களிடம் பேசிய இரண்டு மெக்கானிக்குகளில் ஒருவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நடுங்குவது ஒரு சிலிண்டரா, ஆறு சிலிண்டருமா என்பதை இருவருமே பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள அரை நாள் போதும். செலவு என்று பார்த்தால் உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி ஹோஸ் ஒரு முழமும் நான்கு கிளிப்பும்தான்.

ஐடிலிங்கில் மட்டும் ஏன் நடுங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். உங்கள் வண்டி அளவுள்ள இன்ஜினில், முழு லோடில் ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்குத் தோராயமாக நூறு கன மில்லிமீட்டர் டீசல் போகிறது என்றால், ஐடிலிங்கில் பத்து, பதினைந்து கன மில்லிமீட்டர்தான் போகும். ஒரு நாசில் மூன்று கன மில்லிமீட்டர் குறைவாகக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடில் அது நூறில் மூன்று. டிரைவருக்குத் தெரியவே தெரியாது. ஐடிலிங்கில் அதுவே நாலில் ஒரு பங்கு. அந்த சிலிண்டர் ஏறக்குறையச் செத்தது போலத்தான். அதனால் "லோடில் நன்றாக இழுக்கிறது, எனவே நாசிலில் குறை இருக்காது" என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். அதே காரணத்தால், ஐடிலிங்கில் நடுங்குகிறது என்பதை மட்டும் வைத்து இன்ஜின் தேய்ந்துவிட்டது என்றும் முடிவு கட்ட முடியாது.

காலையில் வண்டி முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கேபினை விட்டு இறங்கி சைலென்சர் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். 600 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு ஐந்து முறை வெடிக்கும். ஆறு சிலிண்டரும் சேர்ந்து முப்பது. இந்த முப்பதும் ஒரே சீராக வந்தால் ஒலி இழைந்து போகும். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால் விநாடிக்கு ஐந்து முறை, கடிகாரம் தவறாமல் அடிப்பது போல, ஒரே இடைவெளியில் ஒரு பள்ளம் விழும். இதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். காதுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு துணியைக் குழாய் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுப் பாருங்கள். சீராக முன்னால் தள்ளப்படும் துணி, அந்த ஒரு துடிப்பில் மட்டும் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளம் ஒழுங்காக வராமல், ஒரு தடவை வந்து, பிறகு சற்று நேரம் காணாமல் போய், மறுபடி நான்கைந்து சேர்ந்து வந்தால், அது ஒரே சிலிண்டரின் குறை அல்ல. எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று, பெரும்பாலும் டீசலோடு சேர்ந்து வரும் காற்று. ஆர்பிஎம் முள் ஏறி ஏறி இறங்கி, ஒன்றிரண்டு விநாடிக்கு ஒரு முறை இன்ஜின் மூச்சு வாங்குவது போல ஓடினால் அது ஹண்டிங். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ராக், காற்று ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

குழாய் வாயில் ஒலி இழைந்து ஓடுகிறது, கேபின் மட்டும்தான் நடுங்குகிறது என்றால் இன்ஜினில் கை வைக்க வேண்டிய தேவையே இருக்காது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் ஊறி உப்பிப் போயிருக்கும். ஐடிலிங் அளவையும் பார்த்துவிடுங்கள். டீசல் மிச்சமாகும் என்று 600-இல் இருக்க வேண்டியதை 450-க்கு இறக்கி வைத்துவிடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. எவ்வளவு நல்ல இன்ஜினும் அந்த வேகத்தில் நடுங்கத்தான் செய்யும். கிளட்சை மிதித்தால் நடுக்கம் மாறுகிறதா என்பதும் ஒரு விநாடியில் பார்க்கக்கூடியது. மாறினால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் போங்கள்.

இனி உங்கள் கேள்வியில் விடுபட்டிருக்கும் முக்கியமான ஒரு விவரம்: காலையில் தொடங்கும் நடுக்கம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது? ஒன்றிரண்டு நிமிடம் தள்ளாடிவிட்டு, பிறகு அன்று முழுவதும் வராமல் இருந்தால், இரவில் லைனில் இருந்த டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. அதன் இடத்தில் காற்று நின்றிருக்கிறது. அந்தக் காற்று பம்ப் வழியாக வெளியேறும் வரைதான் நடுக்கம். பதினைந்து, இருபது நிமிடம் ஓடி இன்ஜின் சூடான பிறகுதான் சரியாகிறது என்றால் காற்று காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. குளிர்ந்த நிலையில் ஏதோ ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் அழுத்தம் போதவில்லை, அல்லது நாசில் தூவாமல் சொட்டுகிறது. வெள்ளைப் புகை இரண்டிலும் வரும். எரியாத டீசல்தான் அந்தப் புகை என்றால் கண் எரியும், டீசல் நெடி அடிக்கும். கண் எரிச்சல் இல்லாமல், ரேடியேட்டர் தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால், அது டீசல் பிரச்சினை அல்ல. இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் வீண் செலவு அதிகம் நடப்பது இங்கேதான். டேங்கிலிருந்து, டீசலை இழுத்து பெரிய பம்புக்குக் கொடுக்கும் ஃபீட் பம்ப் வரை உள்ள லைனில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதனால் அந்தப் பகுதியில் ஹோஸ் வெடித்திருந்தாலும், வாஷர் உட்காராமல் இருந்தாலும், பெரும்பாலும் ஒரு சொட்டு டீசல் கூட வெளியே வராது; காற்றுதான் உள்ளே போகும். டீசல் கசிந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். காற்று உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாது. லைன் காய்ந்து சுத்தமாக இருப்பதைப் பார்த்து "லைனில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

பல வருடங்களுக்கு முன் கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஐடிலிங்கில் நடுக்கம், புகை. நாசிலைக் கழற்றி டெஸ்டரில் போட்டுப் பார்த்தபோது இரண்டு நாசில் சுமாராக இருந்தன. அதை வைத்துக்கொண்டு ஆறையும் மாற்றிக் கொடுத்தேன். டேங்க் நிரப்பி ஊருக்குப் போன வண்டி மூன்றே நாளில் அதே நடுக்கத்தோடு திரும்பி வந்தது. அப்போதுதான் டிரைவர், யோசித்து, ஒரு விஷயத்தைச் சொன்னார்: "டேங்க் நிறைய இருந்தா ஒண்ணும் தெரியாதுண்ணே, கால் டேங்குக்குக் கீழே வந்தாத்தான் ஆட ஆரம்பிக்குது." டேங்கின் மேல்மூடியைக் கழற்றி, உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். கால் டேங்க் மட்டத்தில், துரு தின்று, குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. டீசல் அந்த ஓட்டைக்கு மேலே நிற்கும் வரை குறையே தெரியாது. அதற்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் காற்று. மீன் பெட்டியிலிருந்து உருகி வழியும் உப்புத் தண்ணீர் அந்த டேங்கின் தலையில்தான் வருடக்கணக்காகச் சொட்டியிருக்கிறது. குழாயை மாற்றியதோடு நடுக்கம் போய்விட்டது. அன்றைக்கு நான் டிரைவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் அந்த முதலாளிக்கு ஆறு நாசிலின் விலை மிச்சமாகியிருக்கும். அதற்குப் பிறகு, டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கும்போது நடுங்குகிறது என்று கேட்காமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

கடலூர் வண்டிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால், முள்ளோடை எல்லையைத் தாண்டி வந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று டேங்கை அடி வரை காயவிட்டு ஓட்டுவது வழக்கமாக இருக்கிறது. அதில் குழாய் ஓட்டையும் வெளியே தெரியும். அடியில் படிந்திருக்கும் தண்ணீரும் துருவும் லைனுக்குள் போகும்.

சோதிக்கும் முறை இதுதான். ஃபீட் பம்புக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி ஹோஸ் ஒரு முழம் மாட்டுங்கள். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். முதல் நிமிடம் வரும் குமிழிகள் நீங்கள் கழற்றி மாட்டியதால் வந்தவை. அவை போன பிறகும் கடுகு கடுகாகக் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால், காற்று வெளியிலிருந்து வருகிறது. உறுதிப்படுத்த, ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, பம்புக்கு மேலே கட்டி, ஃபீட் பம்பின் ஹோஸை அதில் விட்டு, மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸையும் அதிலேயே விட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நடுக்கம் நின்றால், குறை டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிறது. நாசிலும் இன்ஜினும் நல்லவை. நிற்காவிட்டால் டேங்க், லைன் இரண்டையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். இந்தக் கேன் சோதனையை மட்டுமாவது அடுத்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

காற்று வருகிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போக வேண்டும்: ஃபீட் பம்பில் கையால் டீசல் அடிக்கும் ஹேண்ட் பிரைமர், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் ரப்பர் வளையம், ஹோஸை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர், சேஸ் ஓரமாக உரசி ஓடும் ஹோஸ், கடைசியாக டேங்குக்குள் இருக்கும் குழாய். பழைய காப்பர் வாஷரைத் திருப்பிப் போட்டு முறுக்குவது காற்றுக்கு வழி விடுவதுதான், புதியது போடுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். வாட்டர் செப்பரேட்டரின் அடியைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கறுப்பாகச் சளி போல ஏதாவது இருந்தால், டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. 2015 மழையிலும், 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோதும் கடலூர்ப் பக்கம் நீரில் நின்ற வண்டிகள் ஏராளம். அப்படி நின்ற வண்டியில் டேங்கின் காற்றுத் துளை வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்க முடியும்.

கேன் சோதனையிலும் நடுக்கம் நிற்கவில்லை, மிஸ்ஸிங் ஒரே தாளத்தில் வருகிறது என்றால், எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் முதல் வண்டியில் இருப்பது போன்ற பழைய வகை பம்பில் மட்டும் செய்யக்கூடிய சோதனை இது. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, முதல் சிலிண்டரின் நாசில் பைப் நட்டைத் துணியால் மூடி, அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். டீசல் சிலிண்டருக்குப் போகாமல் துணிக்குள் கசியும். இன்ஜின் சட்டென்று தள்ளாடி ஆர்பிஎம் குறையும். குறைந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது இன்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. பீய்ச்சும் டீசலின் பாதையில் விரலை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், பார்ப்பதற்கு முள் குத்தியது போலத்தான் இருக்கும், ஆனால் கையையே இழக்கும் அளவுக்குக் கொண்டு போகும் காயம் அது.

நட்டைத் தளர்த்துவதற்கு முன் பைப்பை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பழைய பம்ப் மெக்கானிக்குகளிடம் உண்டு. நான் கற்றதும் அவர்களிடம்தான். கசிவு எதுவும் இல்லாத பைப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள். நாடி பார்ப்பது போலவே இருக்கும். ஐந்து பைப் ஒரே மாதிரித் துடிக்க, ஒன்று மட்டும் சுத்தியால் அடிப்பது போலக் கடினமாகத் துடித்தால் அந்த நாசிலின் துளை அடைத்திருக்கிறது. துடிப்பே மெலிந்திருந்தால், நாசில் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது பம்பிலேயே அந்த சிலிண்டருக்கு டீசலை விடும் டெலிவரி வால்வோ, அழுத்தித் தள்ளும் எலிமெண்டோ போயிருக்கிறது.

சிலிண்டர் தெரிந்த பின்னும் உடனே புது நாசில் வாங்க வேண்டாம். அந்த நாசிலைக் கழற்றி, நன்றாக ஓடும் இன்னொரு சிலிண்டரில் மாட்டி, அதன் நாசிலை இங்கே மாட்டுங்கள். இரண்டுக்கும் அடியில் புது வாஷர். மிஸ்ஸிங் நாசிலோடு கூடவே இடம் மாறினால் குறை நாசிலில். மாறாமல் பழைய சிலிண்டரிலேயே நின்றால் ஆறு நாசிலையும் மாற்றினாலும் அது போகப் போவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பட்டறையில் முழு இன்ஜெக்டரையும் நாசில் என்றே சொல்லிவிடுகிறோம், உண்மையில் நாசில் என்பது அதன் நுனிப் பகுதி மட்டும். டெஸ்டரில் வைத்து, கையேட்டில் சொன்ன அழுத்தத்தில் திறக்கிறதா, சீராகத் தூவுகிறதா, அதற்கு 20 பார் குறைவான அழுத்தத்தில் பத்து விநாடி நிறுத்தினால் நுனியில் சொட்டு கட்டாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வேளைகளில் நுனியை மாற்றி, ஷிம் என்னும் மெல்லிய வளையம் வைத்து அழுத்தத்தைச் சரிசெய்தாலே போதும். அந்தச் சோதனையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நல்ல பம்ப் கடைக்காரர் யாரும் அதை மறுக்க மாட்டார்.

நாசிலை இடம் மாற்றியும் மிஸ்ஸிங் இடம் மாறவில்லை என்றால் டேப்பட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கு மேலே விட வேண்டிய இடைவெளியைப் பாருங்கள். இறுக்கமாக இருக்கும் டேப்பட் வால்வை முழுவதும் மூட விடாது. அதைச் சரிசெய்ய, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று போதும். அதற்குப் பிறகுதான் கம்ப்ரஷன் சோதனை. அதற்கு டீசல் இன்ஜினுக்கான கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டிக் கேஜ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. மொத்த எண்ணிக்கையைவிட, சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசம் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தால் அங்கே வால்வு, ரிங், ஹெட் கேஸ்கட் மூன்றில் ஒன்று. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பலமாக மூச்சு விடுவது போல அடிக்கிறது, ஆயிலும் குறைகிறது, கேஜும் குறைவாகக் காட்டுகிறது என்று மூன்றும் ஒத்துவந்தால் இரண்டாவது மெக்கானிக் சொன்னது சரி, இன்ஜினை இறக்கிவிடலாம். ஒன்றை மட்டும் வைத்து இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

காலையில் நன்றாக இருந்து, சூடான பிறகு ஐடிலிங்கில் நடுங்கும் வண்டிகளும் உண்டு. உங்களுடையது அது அல்ல என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் சூடானால் இளகும். தேய்ந்த பம்ப் எலிமெண்ட் அந்த இளகிய டீசலைப் பிடித்துத் தள்ள முடியாமல் விட்டுவிடும். அங்கே பம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது வண்டிக்கு வருகிறேன். அது பிஎஸ் 6, அதாவது 2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த விதிப்படி செய்யப்பட்டது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில். மேலே சொன்ன நட்டைத் தளர்த்தும் சோதனையை அதில் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. ஐடிலிங்கிலேயே முந்நூறு பார் சுற்றுவட்டத்தில் நிற்கும் அழுத்தம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆயிரத்துக்கு மேல் போகும். எந்த சிலிண்டர் என்பதை ஸ்கேனரே காட்டிவிடும்: ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது என்ற அளவு அதில் இருக்கும், ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு விலகி நின்றால் அதுதான் ஆள். அடுத்ததாக, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் ஒரே அளவுள்ள தனித் தனி பாட்டிலில் விட்டு, ஒரே நேரம் ஓட்டி, எதில் அதிகம் நிறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் நிறைவது தேய்ந்த இன்ஜெக்டர். மாற்றினால், புது இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் புது இன்ஜெக்டரிலும் நடுங்கும். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வில் கரி அடைந்து மூடாமல் நின்றாலும் இதே நடுக்கம் வரும். நின்ற இடத்தில் ஆர்பிஎம் தானாகச் சற்று உயர்ந்து ஒலி மாறினால் பதற வேண்டாம். பல வண்டிகளில் அது, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக அந்த வண்டியில் ஒரு வேலை செய்யுங்கள். முதுநகர்க் காற்றில் உப்பு அதிகம். இன்ஜினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர், ரெயில் பிரஷர் சென்சார், கிராங்க் சென்சார் ஆகியவற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாக இழுத்து, உள்ளே உள்ள பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டுங்கள்.

முதல் வண்டியில் எந்தக் குறை கிடைத்துச் சரிசெய்தாலும், கண்ணாடி ஹோஸை அன்றே கழற்றிவிடாமல் ஒரு இரவு அப்படியே விட்டு வையுங்கள். மறுநாள் காலை, இன்ஜினைத் தொடுவதற்கு முன், அந்த ஹோஸில் டீசல் முழுவதும் நிற்கிறதா, பாதி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முழுவதும் நின்று, குளிர்ந்த இன்ஜின் முதல் நிமிடத்திலேயே இழைந்து ஓடினால், பழைய ஹோஸின் இடத்தில் புதியதை மாட்டி, வண்டியை லோடுக்கு அனுப்புங்கள். இறங்கியிருந்தால் எத்தனை நிமிடம் நடுங்குகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, ஃபீட் பம்பிலிருந்து டேங்க் வரை மறுபடி ஒவ்வொரு இணைப்பாகப் போங்கள்.